குமரிக் கடற்கரையில் குடில் பார்க்கப் போகிறவர்களுக்கு

டிசம்பர் பிறந்ததும் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறிவிடும். மேற்கே நீரோடியில் தொடங்கி கிழக்கே ஆரோக்கியபுரம் வரை, சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக மீனவ ஊர்கள்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய கோவில். இங்கே கோவில் என்றால் மாதா கோவில். அதைச் சுற்றி நெருக்கியடித்த வீடுகள், சந்துகள், முனைக்கு முனை குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோவில். கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்த வீடுகளின் முன்னறையிலோ திண்ணையிலோ ஒரு குடில் இருக்கும், மாட்டுத் தொழுவத்தில் இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் அமைத்தது. அதைப் பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம். டிக்கெட் கிடையாது, வரைபடம் கிடையாது, நேரம் குறித்த பலகை கிடையாது. வேலை மாறுதலில் நாகர்கோவிலுக்கு வந்தவர்களும், விடுமுறைக்குக் கன்னியாகுமரி வருகிறவர்களும், 'போகலாம் சரி, எப்படிப் போவது?' என்று தயங்குவது அதனால்தான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கடற்கரைக்காரன் அல்ல, நாகர்கோவில் டவுன்காரன். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குடும்பத்தோடு போய் வருகிறேன். செய்யக் கூடாத தப்புகளை எல்லாம் செய்து முடித்தாகிவிட்டது.

நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போன பழக்கம் இருக்கிறதா? பாதி வேலை முடிந்தது. அங்கே சுண்டல், இங்கே கேக். மீதிப் பாதியைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஓர் ஆளைப் பிடியுங்கள்

தெருவில் நடந்துபோய், திறந்திருக்கும் கதவில் தலையை நீட்டினாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். 'வாங்க' என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் ஊருக்குள் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கதையே வேறு. கூட வேலை பார்ப்பவர், கூடப் படித்தவர், பிள்ளையின் பள்ளித் தோழன் வீடு, யாராக இருந்தாலும் போதும். எங்களுக்கு அந்த ஆள் மீன் கொண்டுவரும் அக்கா. முட்டத்துக்குப் பக்கத்து ஊர். ஒரு டிசம்பரில் சாளையைக் கூறு போட்டுக்கொண்டே, "நட்சத்திரம் போட்டாச்சு மக்களே, இந்த வருசம் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரணும், கேட்டியளா" என்றார். சும்மா ஒப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஜனவரியில் "ஏன் வரல்லே?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டபோதுதான் அது அழைப்பு என்று புரிந்தது. அடுத்த வருஷம் போய்விட்டோம்.

ஒரு வீட்டுக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் உங்களுக்கு வேலை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளே கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். எந்த வீட்டுக் குடிலில் தண்ணீர் ஓடுகிறது, எந்த வீட்டுக் குடிலில் ரயில் ஓடுகிறது, குடில் போட்டியில் யார் ஜெயிப்பார், எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஆள் யாரும் கிடைக்கவில்லை என்றால் நேரே கோவிலுக்குப் போங்கள். முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் கேளுங்கள். பங்கு, அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த ஜனம், முழுவதும் 'அன்பியம்' என்று சிறு சிறு குழுக்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயர். பல ஊர்களில் குடில் போட்டி அன்பியத்துக்கு அன்பியம் நடக்கும். 'எந்த அன்பியத்துல குடில் நல்லாருக்கு?' என்று கேட்டால் ஒரு சண்டையே மூளும். அதைக் கேட்டபடி நின்றாலே ஊரின் வழி பாதி தெரிந்துவிடும்.

எந்த நாளில் போவது

டிசம்பர் முதல் வாரத்தில் போகாதீர்கள். நட்சத்திரம் இருக்கும், குடில் இருக்காது. அந்த நாட்களில் ஜனம் நாகர்கோவில் கோட்டாறில் இருக்கும். சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3 அன்று முடியும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

குடில் வேலை 15 தேதிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். வேலை நடப்பதைப் பார்க்க ஆசை உள்ளவர்கள் 20 முதல் 23 வரை மாலை நேரத்தில் போகலாம். என்னைக் கேட்டால், முடிந்த குடிலைவிட முடியாத குடில்தான் பார்க்க அழகு. சிமெண்ட் சாக்குத் தாளைக் கசக்கி, பசை தடவி, கரியும் பச்சையும் பூசிப் பாறை செய்துகொண்டிருப்பார்கள். ஒரு பையன் மீன் தொட்டி மோட்டாரை வைத்து அருவி விட்டுக்கொண்டிருப்பான், அது அருவியாகாமல் முன்னறை பூராவும் ஓடும். பத்து நாளைக்கு முன்பே தட்டில் மணல் பரப்பி நெல்லோ கேழ்வரகோ விதைத்து நிழலில் வைத்திருப்பார்கள். அந்த இளம் நாற்றுதான் பெத்லகேமின் புல்வெளி. முளைப்பாரி போட்ட வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும்.

இந்த நாட்களில் போனால் ஒன்றைக் கவனிப்பீர்கள். மாட்டுத் தொட்டி காலியாக இருக்கும். மரியாள், சூசை, மாடு, கழுதை என்று சுரூபங்கள் (பொம்மைகள்) எல்லாம் இருக்கும், குழந்தை இயேசு இருக்காது. முதல் வருஷம் நான், "குழந்தை சுரூபம் உடைஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டேன். ஏழு வயசுப் பெண் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் பிறக்கல்லேல்லா" என்றாள். 24 நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகுதான் வீட்டில் யாராவது, பெரும்பாலும் கடைக்குட்டி, பாலனைக் கொண்டுவந்து தொட்டியில் வைப்பார்கள்.

பிறந்த இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களையும் கவனியுங்கள். ஒழுங்காகக் குடில் வைக்கும் வீடுகளில் அவர்கள் முதல் நாளே தொழுவத்துக்குள் நிற்க மாட்டார்கள். ஒட்டகத்தோடு அறையின் இன்னொரு மூலையில், சன்னல் திட்டில் எங்கேயாவது நிற்பார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத்தான் உள்ளே கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

24 இரவு போவதென்றால் ஒரே ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூசை பெரும்பாலும் 11, 11:30 மணிக்குத் தொடங்கும். நேரத்தை அன்று காலையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மதத்தவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கத் தடை ஏதும் இல்லை. செருப்பை மற்றவர்கள் விடும் இடத்தில் விட்டுவிட்டு, எல்லாரும் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்தால் போதும். நன்மை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்க வரிசை நகரும்போது மட்டும் இருந்த இடத்திலேயே இருங்கள். அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும். நடுவில் ஒரு கணம் மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும், வெளியே வெடி போடுவார்கள், மடியில் தூங்குகிற குழந்தைகள் பதறி எழும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதற்குத் தயாராக இருங்கள்.

25 மாலை எல்லா வீடும் திறந்திருக்கும், எல்லாத் தெருவும் நெரிசல்.

26 வேண்டாம். 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் உள்ளே வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று இந்தக் கரையில் நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அன்று நினைவிடங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், ஊர்வலம் போவார்கள், கல்லறையில் பூ வைப்பார்கள். நட்சத்திரம் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அதன் கீழே உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் 'குடில் பார்க்கலாமா?' என்று கேட்கிற நாள் அது அல்ல. தெரிந்த வீடு என்றால் ஒரு மெழுகுவர்த்தியோடு நினைவிடத்துக்குப் போய்ப் பேசாமல் நின்றுவிட்டு வாருங்கள்.

ஆக, எனக்குப் பிடித்தது 27 முதல் புத்தாண்டு வரை. கூட்டம் வடிந்திருக்கும். பாலனும் வந்திருப்பார், ராஜாக்களும் பாதி வழியில் இருப்பார்கள். ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். இது சின்ன விஷயம் இல்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆட்கள் ஆழ்கடல் மீன்பிடிக்காரர்கள். கொச்சியிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் போனால் வாரக்கணக்கில் கடலில்தான். கிறிஸ்துமஸுக்குத்தான் ஊர் முழுக்கக் கரையில் இருக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததில் இந்த ஊர்களிலிருந்து போன பலர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் பல தெருக்களில் நட்சத்திரமே ஏறவில்லை.

நட்சத்திரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அதனால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் இருந்து, ஒரு வீட்டில் மட்டும் இல்லை என்றால், அந்த வருஷம் அங்கே ஒரு சாவு விழுந்திருக்கலாம். துக்க வீட்டில் பண்டிகை இல்லை. "ஏன் நீங்க போடல்லே?" என்று கேட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பவர் கூப்பிட்டால் போங்கள், இல்லை என்றால் ஒரு தலையசைப்போடு கடந்துவிடுங்கள்.

நட்சத்திரம் இப்போது பெரும்பாலும் எல்இடி. ரிமோட்டில் நிறம் மாறும். மூங்கில் பிளாச்சைக் கட்டி வண்ணத்தாள் ஒட்டி உள்ளே குண்டு பல்பு போட்ட பழைய நட்சத்திரம் ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் உள்ளே போய்விடுங்கள். அங்கே ஒரு பாட்டா (தாத்தா) இருப்பார், அவரிடம் கதை இருக்கும்.

போய்ச் சேருவது

ரயிலில் வருகிறவர்களுக்கு நாகர்கோவில் சந்திப்பு. மேற்கு ஊர்களுக்கு இரணியல் அல்லது குழித்துறை நிலையம் பக்கம். நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் டவுன் பஸ் உண்டு. போகும்போது பஸ் சரி. திரும்பும்போது நம்ப வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் பண்டிகை நாளில் பஸ்ஸுக்கு நின்று நான் முட்டத்திலிருந்து பாதி தூரம் நடந்திருக்கிறேன். ஆட்டோவோ காரோ திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

கார் என்றால் கோவில் முற்றத்திலோ பெரிய சாலையிலோ விட்டுவிட்டு நடங்கள். சந்துக்குள் கொண்டுபோனால் எதிரே கேரல் குழு வரும். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர், டிரம்ஸ், எக்காளம், பின்னால் ஐம்பது பிள்ளைகள். நீங்கள் பின்னோக்கி எடுக்க வேண்டியதுதான், அதையும் அந்த ஐம்பது பேரும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி எடுக்க வைப்பார்கள்.

வழி கேட்கும்போது கதவு எண்ணைச் சொல்லாதீர்கள், யாருக்கும் தெரியாது. குருசடியைச் சொல்லுங்கள். 'அந்தோணியார் குருசடிக்குத் தெக்கே மூணாவது வீடு' என்றால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். குடை ஒன்று கையில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியிலும் ஒரு சாற்று சாற்றிவிட்டுப் போகும்.

வீட்டுக்குள் போன பிறகு

செருப்பை வாசலில் விடுங்கள். வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் குடிலுக்குப் போங்கள். நேரே குடிலுக்கு முன்னால் போய் போனை நீட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. வீடு சின்னது. குடில் இருக்கும் அறையில்தான் யாரோ படுத்திருப்பார்கள், யாரோ பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். 'எடுங்க' என்பார்கள். குடிலை மட்டும் எடுங்கள். ஆட்கள் இருக்கும் படத்தைப் பொதுவில் போடுவதென்றால் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் உட்காருங்கள். நின்றுகொண்டே பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று சொல்லிப் போவது அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். 'யார் செஞ்சது?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

நான் அப்படிக் கேட்டு உட்கார்ந்த ஒரு குடிலைச் சொல்கிறேன். தொழுவம் தென்னை ஓலையில் முடைந்தது. பக்கத்தில் சவுக்குக் கிளையில் கிறிஸ்துமஸ் மரம். கடற்கரையில் பைனுக்கு எங்கே போவது, சவுக்குத்தான். முன்னால் உண்மையான கடல் மணல், அதில் ஒரு கை நீளக் கட்டுமரம், பழைய வலைத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. இடையர்கள் வழக்கம்போல ஆடுகளோடு நின்றார்கள். ஆனால் ஒருவன் தோளில் ஆட்டுக்குட்டிக்குப் பதில் துடுப்பு. ஆட்டுக்குட்டி உடைந்துவிட்டதாம், ஈர்க்குச்சியைச் சீவி வைத்திருந்தார்கள். ஒட்டகம் ஒன்றுக்குக் காது எம்சீல் பசையில் செய்தது. அந்தச் சுரூபங்கள் அந்த வீட்டுப் பாட்டியின் கல்யாண வருஷத்தில் வாங்கியவை. சுனாமியில் வீட்டோடு போய், சேறு அள்ளும்போது பாதி கிடைத்திருக்கின்றன. ஒரு ராஜா மட்டும் புதுசு, மற்ற இருவரைவிட ஒரு சாண் உயரம். "அவரு லேட்டா வந்தவரு, அதான் வளந்துட்டாரு" என்றார் பாட்டா.

பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் முதலில் குடில் அமைத்தபோது சுரூபம் எதுவும் வைக்கவில்லை. வைக்கோல் நிரப்பிய தொட்டி, நிஜ மாடு, நிஜக் கழுதை. பெத்லகேமில் அந்தக் குழந்தை பட்ட கஷ்டத்தைக் கண்ணால் காண வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த எண்ணம். அந்த வழியில் பார்த்தால் பேட்டரி ரயிலும் ஒளிரும் அருவியும் வைத்துப் பரிசு வாங்கும் குடிலைவிட, துடுப்பு வைத்த இடையன்தான் எனக்கு மேல். போட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ரயிலையும் பார்க்கத்தான் செய்கிறேன்.

குழந்தைகளோடு போகிறவர்கள் சீரியல் செட் வயர்களைக் கவனியுங்கள். ஈர மணல், அருவித் தண்ணீர், ஒட்டுப்போட்ட வயர் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். சுரூபங்களைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைக்கு ஆசை வந்தால் வீட்டுப் பிள்ளையிடமே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓர் ஆட்டுக்குட்டி கைக்கு வரும்.

சாப்பாட்டுக் கணக்கு

முதல் வருஷம் பதினைந்து வீடு என்று திட்டம் போட்டுப் போனேன். முதல் வீட்டில் கேக், சாயா. இரண்டாவதில் முந்திரிக்கொத்து. மூன்றாவதில் அச்சு முறுக்கு, ஏத்தன் சிப்ஸ், இன்னொரு கேக். ஆறாவது வீட்டில் "வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு" என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்து வீட்டில் சாப்பிட்டது அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரிதான் சன்னல் வழியாகச் சொல்லியிருந்தார்.

அதிலிருந்து ஒரு மாலைக்கு நான்கு வீடு, மிஞ்சினால் ஐந்து. மதியம் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தட்டில் இருப்பதில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, 'மீதியைப் பொதிஞ்சு தாங்க' என்று சொன்னால் யாருக்கும் வருத்தம் இல்லை. இதற்காகவே ஒரு தூக்குச்சட்டி கொண்டுபோகிறவர்களும் உண்டு, நாங்களும் அதில் சேர்ந்துவிட்டோம். முந்திரிக்கொத்து என்றதும் முந்திரிப் பருப்பைத் தேடாதீர்கள். பாசிப்பயற்று மாவும் வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டிப் பொரித்த உருண்டை அது, நாலு நாளைக்குக் கெடாது. முட்டை சாப்பிடாதவர்கள் கேக்கை எடுக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 25 மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தால் இறைச்சி எது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, தட்டில் வாங்கிவிட்டு ஒதுக்குவதுதான் தப்பு.

கையில் என்ன கொண்டுபோவது? தெரிந்த வீட்டுக்கு ஒரு கேக்கோ பழமோ போதும். பிள்ளைகளுக்கு மிட்டாய் ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும், ஏனென்றால் உங்களுக்கு வழிகாட்டும் படை வீட்டுக்கு வீடு பெருத்துக்கொண்டே போகும். தெருமுனையில் இளைஞர்கள் போட்ட பெரிய குடிலில் உண்டியல் இருந்தால் பத்தோ இருபதோ போடுங்கள். வீட்டுக் குடிலில் பணம் வைக்காதீர்கள், அது மரியாதையாக இருக்காது.

தூக்குச்சட்டி

திருநாள் முடிந்த கையோடு பல வீடுகளில் குடிலைக் கலைத்துவிடுவார்கள். வைக்கோல் ஆட்டுக்கு, சுரூபங்கள் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள். அதற்குள் நீங்கள் கொண்டுவந்த முந்திரிக்கொத்து தீர்ந்திருக்கும். அவர்கள் வீட்டுப் பாத்திரம் ஏதாவது உங்களோடு வந்துவிட்டிருந்தால் உடனே கழுவித் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். ஒரு வாரத்தில் பொங்கல். பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக் கூடாது அல்லவா. நாங்கள் அவித்த பனங்கிழங்கை நிறைத்து மீன்கார அக்காவின் கையில் கொடுத்துவிடுவோம். ஒரு வருஷம் அதை வாங்கிக்கொண்டு, "இதுல பாதி பஸ்ஸுலயே தீர்ந்துரும், கேட்டியளா" என்று சொல்லிவிட்டுக் கூடைக்குள் மீனுக்கு மேலே வைத்துக்கொண்டு போனார்.